ரசனையை ஆராய ரசிகராக இருக்க வேண்டுமா?

கேள்வி: வணக்கம். முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா மினி லாரி ஓட்டுகிறார். பண்பாட்டுச் சமூகவியலில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பம், காதுகுத்து ஃப்ளெக்ஸ், சடங்கு வீடியோ, இதையெல்லாம் வைத்து ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிறேன். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவைப் படி என்று ஆசிரியர் சொன்னார். படித்தேன், பாதிதான் புரிந்தது. அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் தத்துவம் படிக்கிறார், அல்ஜீரியாவுக்குப் போகிறார், அப்புறம் கல்யாணமாகாத விவசாயிகள், போட்டோ, மியூசியம், கல்லூரி, நாவல், கடைசியில் டிவி. நான் இப்படித் தாவினால் நெறியாளர் விடவே மாட்டார். இன்னொன்று, எனக்குச் சங்கீதமும் தெரியாது, ஓவியமும் தெரியாது. "உனக்கு எதுக்கு கல்ச்சர், கிராமப்புற வளர்ச்சி எடுத்துக்கோ" என்று கூடப் படிக்கிறவர் ஒருவர் சொன்னார். எனக்கு இந்தத் துறை சரிப்படுமா? சோறு போடுமா?

பதில்: அந்தக் கடைசி விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். "உனக்கு எதுக்கு கல்ச்சர்" என்று சொன்னாரே, அதைத் தேதி போட்டு, யார், எங்கே, எந்தத் தொனியில் சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோபத்தில் சொல்லவில்லை. யாருக்கு எந்தப் பாடம் பொருந்தும் என்று ஒருவர் யோசிக்காமலேயே முடிவு செய்கிறார், கேட்கிறவருக்கும் அது பாதி சரியாகத்தான் இருக்குமோ என்று தோன்றுகிறது, இந்த இரண்டும் எப்படி நடக்கின்றன என்பதுதான் நீங்கள் படிக்க ஆசைப்படும் துறையின் மையக் கேள்வி. உங்களுக்கு முதல் களக்குறிப்பு இலவசமாகவே கிடைத்திருக்கிறது.

பூர்தியூவுக்கு வருவோம். உங்கள் ஆசிரியர் சொல்லாமல் விட்டிருக்கலாம், அவரும் உங்கள் மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்தான். 1930 ஆகஸ்ட் 1 அன்று, பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரெனே மலையடிவாரத்தில் பெயார்ன் பகுதியிலுள்ள தங்கேன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். தாத்தா குத்தகை விவசாயி. அப்பா பள்ளிப் படிப்பை முடிக்காதவர், தபால்காரராக இருந்து பிறகு கிராமத்துத் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர். ஊரில் பேசுவது பெயார்னே மொழி, பாரிஸ்காரன் காதில் அது பட்டிக்காட்டுப் பேச்சு. பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று போ நகரத்துப் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். அந்த விடுதியைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதியதைப் படித்தால் உங்கள் விடுதி நாட்கள் ஞாபகம் வரும். விடுதிப் பையன்கள் சாம்பல் நிற அங்கியில் திரிய, வீட்டிலிருந்து வரும் டவுன் பையன்கள் நல்ல துணி போட்டுக்கொண்டு வருவார்கள். அங்கிருந்து பாரிஸ், 1951இல் எக்கோல் நார்மல் சுப்பீரியர். பிரான்சின் அறிவாளிகளைத் தயாரிக்கும் இடம் என்று பெயர் வாங்கிய கல்வி நிலையம் அது. அங்கே தத்துவம் படித்து 1954இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்துப் பிரான்சில் தத்துவம்தான் படிப்புகளுக்கெல்லாம் ராஜா. சமூகவியல் கீழ்த்தட்டு. மேல் படியில் ஏறி நின்றவர், தானாகவே கீழ் படிக்கு இறங்கினார். எல்லோரும் தத்துவவாதி ஆகத் துடித்த வகுப்பிலிருந்து ஒருவர் கேள்வித்தாளும் கையுமாகத் தெருவில் இறங்கி ஆட்களைப் பேட்டி எடுப்பது, கிட்டத்தட்ட டாக்டர் சீட்டை விட்டுவிட்டு பி.ஏ. சேர்வது மாதிரி.

அவரை இறக்கிவிட்டது அல்ஜீரியா, அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்த வட ஆப்பிரிக்க நாடு. முதலில் பிரான்சிலேயே முலேன் என்ற ஊரில் ஒரு வருஷம் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1955இல் கட்டாய ராணுவச் சேவைக்குக் கூப்பிட்டார்கள். படித்தவர்களுக்கென்று இருந்த அதிகாரிப் பயிற்சி வேண்டாம் என்று மறுத்துவிட்டு, சாதாரணச் சிப்பாய்களோடு கப்பல் ஏறினார். போய் இறங்கிய இடத்தில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு ராணுவம் கிளர்ச்சிக்காரர்களுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று கிராமங்களைக் காலி செய்து, இருபது லட்சம் பேருக்கு மேல் முகாம்களில் கொண்டுபோய் வைத்தது. நேர்கோட்டுத் தெருக்களும் ஒரே மாதிரி குடிசைகளும், பக்கத்தில் வயலே இல்லாமல். சேவை முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1958 முதல் 1960 வரை பாடம் நடத்தினார். அந்த வருஷங்களில்தான் அந்த முகாம்களுக்கும் கபிலியா மலைக் கிராமங்களுக்கும் மாணவர்களோடு அலைந்தார். கூட வந்த மாணவர்களில் ஒருவர் அப்தெல்மாலெக் சயாத். பின்னால் இருவரும் சேர்ந்து, வேரோடு பிடுங்கப்பட்ட அந்த விவசாயிகளைப் பற்றி 1964இல் புத்தகம் எழுதினார்கள். பூர்தியூ கையில் கேமராவும் இருந்தது. அந்தப் படங்கள் அவர் இறந்த பிறகுதான் புத்தகமாகவும் கண்காட்சியாகவும் வெளியே வந்தன.

அங்கே அவர் பார்த்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வருஷத்தில் சில மாதம் மட்டுமே வேலை இருக்கும் ஆண்களிடம் "உனக்கு வேலை இருக்கிறதா" என்று கேட்டால், கபிலியாக்காரர்கள் "வேலையில்லை" என்பார்கள். தெற்கே பாலைவனப் பக்கத்துக்காரர்கள் அதே நிலைமையில் இருந்துகொண்டு "விவசாயம் பார்க்கிறேன்" என்பார்கள். கபிலியாக்காரர்கள் பிரான்சுக்குக் கூலி வேலைக்குப் போய் வந்தவர்கள். சம்பளம் வந்தால்தான் வேலை என்ற கணக்கு அவர்களுக்குள் புகுந்துவிட்டது. தெற்கத்திக்காரர்களுக்கு விடிந்ததும் எழுந்து நாலு பேரோடு பொறுப்பாக இருந்தாலே அது வேலைதான். சும்மா இருக்கும் நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அதற்கு வைக்கிற பெயர் வேறு. இதைப் பிடிக்கத் தத்துவமும் வேண்டியிருந்தது, புள்ளிவிவரமும் வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் போட உதவிய புள்ளியியல்காரர்களில் அலென் தார்பெல் என்று ஒருவர் உண்டு. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

இப்போது நீங்கள் சொன்ன "கல்யாணமாகாத விவசாயிகள்". அல்ஜீரியாவில் இருந்த கடைசி வருஷங்களிலேயே சொந்த ஊர்ப் பக்கம் வந்து அதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார். பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூடப் படித்தவர் ஒருவர், அதிலிருந்த பையன்களில் பாதிப் பேரைக் காட்டி "இவனுக்குப் பெண் கிடைக்காது" என்ற அர்த்தத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே போனாராம். அதுதான் பொறி. ஒரு காலத்தில் நிலம் உள்ள வீட்டு மூத்த பையன் என்றால் அவன்தான் ஊரிலேயே நல்ல மாப்பிள்ளை. இப்போது அதே மூத்த பையன்கள் கல்யாணமாகாமல் நிற்கிறார்கள். எப்படி?

விடையை ஒரு கிறிஸ்துமஸ் நடன நிகழ்ச்சியில் கண்டுபிடித்தார். காபிக் கடையின் பின்பக்க அறை. நடுவில் டவுனிலிருந்து வந்த பையன்களும் ஊர்ப் பெண்களும் புது நடனம் ஆடுகிறார்கள். ஓரத்தில், பழைய மோஸ்தர் கோட்டும் தலையில் பெரே தொப்பியுமாக, முப்பது வயது தாண்டிய விவசாயிகள் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். ஆடுவதில்லை. ஆட வராது. வயலில் நடந்து பழகிய கால், கனத்துப்போன தோள். பெண் பிள்ளைகள் பள்ளிக்கும் டவுனுக்கும் போய் வந்து, டவுன்காரர் கண்ணால் இவர்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதைவிடக் கொடுமை, இவர்களும் தங்கள் உடம்பை அதே கண்ணால் பார்த்துக் கூசத் தொடங்கிவிட்டார்கள். விலைவாசி, நிலச் சந்தை, பள்ளிக்கூடம், டவுன் வளர்ச்சி என்று எங்கோ நடந்த பெரிய மாற்றமெல்லாம் கடைசியில் ஒரு மனிதன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பதில் வந்து முடிகிறது. பூர்தியூவைப் படித்துப் பாதிதான் புரிந்ததாகச் சொன்னீர்களே, அதில் 'ஹாபிட்டஸ்' என்று வருவது இதுதான். வளர்ந்த இடம் உடம்பில் ஊறிப்போய், நடையாக, பேச்சாக, ரசனையாக, கூச்சமாக வெளியே வருவது. வரையறையை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு அந்த நடன அறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வுக்கு ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுக்க அவருடைய அப்பா அம்மாவே உதவினார்கள். முதல் கட்டுரை 1962இல் வந்தது.

சரி, இதைப் படித்தபின் அவர் தாவினார் என்று உங்களுக்கு இன்னமும் தோன்றுகிறதா? அல்ஜீரிய விவசாயியும், பெயார்ன் மாப்பிள்ளையும், பின்னால் வரும் மியூசியமும் ஒரே கேள்விதான். பிறந்த இடம் கொடுத்ததை எப்படித் திறமை என்றும் இயல்பு என்றும் நல்ல ரசனை என்றும் எல்லோரும் நம்புகிறோம், கொடுக்காததை எப்படி அவனவன் குறை என்று நம்புகிறோம்? இடம்தான் மாறியது. உங்கள் நெறியாளர் "ஒரு தலைப்பில் நில்" என்று சொன்னால் அவர் சொல்வதும் சரி, மூன்று நான்கு வருஷத்தில் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு, ஓர் ஊர் போதும். ஆனால் தலைப்புக்குள்ளே ஒரு கேள்வி இருக்க வேண்டும், அந்த ஊரை விட்டு வெளியே வந்தாலும் உங்கள் கூடவே வருகிற கேள்வியாக. நம் பல்கலைக்கழகங்களில் முடிகிற ஆய்வேடுகளில் பெரும்பாலானவற்றில் தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. இதை நானும் பல ஆய்வேடுகளுக்குக் கையெழுத்துப் போட்ட குற்ற உணர்ச்சியோடுதான் சொல்கிறேன்.

1960இல் பாரிஸ் திரும்பியவரை சமூகவியலாளர் ரெய்மோன் ஆரோன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பிறகு லீல் நகரத்துப் பல்கலைக்கழகம், 1964இல் மறுபடி பாரிஸில் உயர் ஆய்வுப் பள்ளி. ஆரோன் வலதுசாரிப் பக்கம் சாய்ந்த பெரிய மனிதர், இவரோ அவருடைய ஆய்வு மையத்தையே நடத்தும் அளவுக்கு நம்பிக்கை பெற்றவர். 1968 மாணவர் போராட்டத்தோடு அந்த உறவு முறிந்தது. அதற்கு முன் ழான் குளோத் பாஸ்ரோனோடு சேர்ந்து பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி 1964இல் 'வாரிசுகள்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். உயர் அதிகாரி வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் நுழையும் வாய்ப்பு விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளையின் வாய்ப்பைப் போல எண்பது மடங்கு, தொழிலாளி வீட்டுப் பிள்ளையைப் போல நாற்பது மடங்கு என்று அதில் கணக்கு வருகிறது. கட்டணம் மட்டும் காரணமாக இருந்தால் உதவித்தொகை கொடுத்தால் சரியாகிவிடும். வீட்டில் கிடைத்த மொழி, புத்தகம், நாடகம் பார்த்த பழக்கம், ஆசிரியரிடம் கூசாமல் பேசும் தெம்பு இதையெல்லாம் பள்ளிக்கூடம் சொல்லித் தராது, ஆனால் மதிப்பெண் போடும்போது அதற்கும் சேர்த்தே போடும். பண்பாட்டு மூலதனம் என்கிறார்களே, அந்தச் சரக்கு இதுதான்.

அப்புறம் வந்த இரண்டு ஆய்வுகள்தான் உங்களுக்கு நேராகப் பயன்படும். ஒன்று போட்டோகிராஃபி. கோடாக் கம்பெனியின் பிரெஞ்சுக் கிளை ஆதரவு கொடுக்க, 1965இல் புத்தகமாக வந்தது. அதே வருஷம் மனைவி மரி குளேரோடு சேர்ந்து பெயார்ன் விவசாயிகளும் போட்டோவும் என்று தனிக் கட்டுரையும் எழுதினார். கிராமத்தில் போட்டோ கலைக்காக எடுக்கப்படுவதில்லை. கல்யாணத்தில் எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் கல்யாணம் முழுசாகாது. யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எந்த உறவுக்குப் பிரதி போக வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. எல்லோரும் கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்பது தெரியாத்தனம் என்று டவுன்காரர் சிரிக்கலாம், ஆனால் அங்கே அது மரியாதை, சபையில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். இதைப் படித்துவிட்டு உங்கள் ஊர் ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். தாய்மாமன் சீரோடு வரும் படம் எத்தனாவது பக்கத்தில் இருக்கிறது, அது இல்லாமல் போனால் யார் சண்டைக்கு வருவார்கள்? "கேண்டிட்" என்று சொல்லி, கேமராவைப் பார்க்காமல் சிரிக்கிற படத்தை முதலில் கேட்டது எந்த வீடு, அதை "இதெல்லாம் ஒரு போட்டோவா" என்று திருப்பிக் கொடுத்தது எந்த வீடு? ஆய்வு அங்கே இருக்கிறது.

இன்னொன்று மியூசியம். இங்கேதான் தார்பெல் மறுபடி வருகிறார். அல்ஜீரியக் கூலிகளைக் கணக்கெடுத்த அதே மனிதரோடு சேர்ந்து ஐரோப்பிய ஓவியக் கூடங்களுக்கு யார் வருகிறார்கள் என்று கணக்கெடுத்து 1966இல் வெளியிட்டார். நுழைவுக் கட்டணம் பெரிய தடையே இல்லை, வருகிறவர்களைப் பிரிப்பது படிப்புதான் என்று தெரிந்தது. தொழிலாளி வீட்டு ஆட்கள் வந்தால் அம்புக்குறியும் விளக்கப் பலகையும் வேண்டும் என்றார்கள், தப்பான பக்கம் போய்விடுவோமோ என்ற பயம். படித்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை, இருந்தால் தொந்தரவு. எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. முதல் முதலாகத் தலைநகரில் ஒரு கருத்தரங்குக்குப் போனபோது டீ இடைவேளையில் ஒருவர் "நேற்றைக்கு அந்தத் தோடியைக் கேட்டீர்களா" என்றார். அவர் கேட்டது ராகத்தை. எனக்குத் தெரிந்த தோடு காதில் போடுவது. "ஆமாம், பிரமாதம்" என்று தலையாட்டிவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு தூண் ஓரமாகப் போய் நின்றேன். பல வருஷம் கழித்து அந்த நடன அறையைப் பற்றிப் படித்தபோது அந்தத் தூண்தான் ஞாபகம் வந்தது.

இவை எல்லாம் சேர்ந்து 1979இல் 'லா திஸ்தாங்க்ஸியோன்' ஆனது. தன்னை மற்றவரிடமிருந்து வேறாகக் காட்டிக்கொள்வது என்று பொருள் சொல்லலாம். 1963இலும், பிறகு 1967-68இலும் 1,217 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துத் திரட்டிய தகவல் அதற்கு அடிப்படை. கேள்விகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். சூரிய அஸ்தமனம், முட்டைக்கோஸ், கர்ப்பிணிப் பெண், மரப்பட்டை, கார் விபத்து, இவற்றில் எதை எடுத்தால் அழகான போட்டோ வரும்? படிப்பு ஏற ஏற "முட்டைக்கோஸிலும் அழகான படம் எடுக்கலாம்" என்பவர்கள் கூடுகிறார்கள். ஒரு கிழவியின் முடிச்சு விழுந்த கைகளின் படத்தைக் காட்டினால் தொழிலாளி "ஐயோ பாவம், எவ்வளவு வேலை பார்த்திருக்கும்" என்ற மாதிரி பேசுகிறார், மேல்தட்டுக்காரர் அதில் உழைப்பின் சின்னத்தையும் ஓவியரின் பெயரையும் பார்க்கிறார். சாப்பாட்டையும் விடவில்லை. தொழிலாளர் வீட்டு ஆண்களுக்கு மீன் ஏன் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதற்கு, முள் எடுத்து நுனிவாயால் நிதானமாகச் சாப்பிட வேண்டியிருப்பது அவர்களுடைய ஆண்மை நினைப்போடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு விளக்கம் தருகிறார். (நம் ஊரில் இது செல்லாது. முள் எடுப்பதில் நம் ஆட்கள் கில்லாடிகள். செல்லாது என்பதும் முக்கியம், அதைப் பின்னால் சொல்கிறேன்.) சர்வதேசச் சமூகவியல் சங்கம் 1997இல் தன் உறுப்பினர்களிடம் கேட்டு எடுத்த நூற்றாண்டின் புத்தகப் பட்டியலில் இது ஆறாவது இடம் பிடித்தது.

உங்கள் இரண்டாவது கேள்வி, கலை தெரியாமல் பண்பாட்டை ஆராயலாமா என்பது. ஆராயலாம், ஆனால் தெரியாமலேயே இருந்துவிட முடியாது. பூர்தியூ வெளியிலிருந்து வந்தவர், ஆனால் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேரின் நாவல் உலகத்தைப் பற்றி 1992இல் எழுதும்போது இலக்கிய ஆய்வாளர்களுக்குச் சமமாக உள்ளே இறங்கியிருந்தார். மானே என்ற ஓவியரைப் பற்றிக் கடைசி வருஷங்களில் இரண்டு ஆண்டு விரிவுரை நடத்தினார். இதற்கு நேர் எதிர்வழியில் வந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர். இளவயதிலேயே சிகாகோ மதுக்கடைகளில் ஜாஸ் பியானோ வாசித்துச் சம்பாதித்தவர், கூட வாசித்தவர்களைப் பற்றி எடுத்த குறிப்புகளையே முதுகலை ஆய்வேடாக ஆக்கிக்கொண்டார். கலை என்பது கலைஞர் ஒருவர் மட்டும் செய்வது இல்லை, கித்தான் விற்பவர், டிக்கெட் கிழிப்பவர் எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை என்று 1982இல் புத்தகம் எழுதினார். உங்கள் ஆல்பம் விஷயத்தில் பெக்கர் மாதிரியும் பாருங்கள். லேப்பில் கலர் திருத்துகிற பையன், ஃப்ளெக்ஸ் டிசைன் போடுகிறவர், ஆணி அடிக்கிறவர் இல்லாமல் அந்தப் படம் இல்லை.

ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு பள்ளம் உண்டு. மேல்தட்டு ரசனையைப் பழி தீர்ப்பதையே ஆய்வு என்று நினைத்துக்கொள்வது ஒன்று. நம் வீட்டு ரசனை எல்லாமே உன்னதம் என்று புகழ்வது மற்றொன்று. பூர்தியூ முதல் பள்ளத்தில் சில இடங்களில் விழுந்தார் என்பது என் அபிப்பிராயம். மேல்தட்டுக்காரர் ஒரு பாட்டை உண்மையாகவே ரசித்து அழக்கூடும் என்பதற்கு அவர் எழுத்தில் இடம் குறைவு. அவரோடு சேர்ந்து வேலை செய்த பாஸ்ரோன் உட்பட சிலர் பின்னால் விலகியும் போனார்கள்.

அப்புறம், அவருடைய முடிவுகளை ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி எடுத்து நம் ஊர் மேல் குத்தாதீர்கள். அது 1960களின் பிரான்ஸ். அமெரிக்காவில் ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் 1990களில் பார்த்தபோது மேல்தட்டு ஆட்கள் நாட்டுப்புற இசை முதல் ஓபரா வரை எல்லாவற்றையும் ரசிப்பதாகக் காட்டிக்கொண்டார்கள், 'அனைத்துண்ணிகள்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார். கனடாவில் பிறந்த சமூகவியலாளர் மிஷேல் லமோன் 1992இல் பிரெஞ்சு, அமெரிக்க நடுத்தர மேல்தட்டு ஆண்களைப் பேட்டி எடுத்து ஒப்பிட்டார். ஆளை எடைபோடும்போது பிரெஞ்சுக்காரர் அளவுக்கு அமெரிக்கர்கள் பண்பாட்டைப் பார்ப்பதில்லை, பணத்தையும் வெற்றியையும் அதிகம் பார்க்கிறார்கள், ஒழுக்கமும் கணக்கில் வருகிறது என்று கண்டார். நம் ஊரில் சாதி என்று ஒன்று இருக்கிறது, அதைப் பூர்தியூவின் எந்தப் பெட்டியில் போடுவது என்பது உங்கள் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயத்துக்கான சண்டை.

நெறியாளரிடம் காட்ட நம் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமூக அறிவியலாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் முதலில் எழுதிய புத்தகம் நாஞ்சில் நாட்டு விவசாயப் பொருளாதாரம் பற்றியது, 1990இல் வந்தது. இரண்டே வருஷத்தில், 1992இல், எம்.ஜி.ஆரின் சினிமாவும் அரசியலும் பற்றிய புத்தகம். நிலத்திலிருந்து திரைக்குப் போனவரை யாரும் தாவினார் என்று சொல்லவில்லை. மதுரையில் ஏழை எளியவர்கள் சினிமாவோடு எப்படி வாழ்கிறார்கள் என்று சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1993இல் எழுதினார். ரசிகர் மன்றமெல்லாம் ஆய்வுக்கு லாயக்கா என்று கேட்டால் இந்த இரண்டையும் மேசையில் வையுங்கள்.

பூர்தியூவின் மிச்ச வாழ்க்கையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1975இல் சொந்தமாக ஆய்விதழ் தொடங்கினார், கட்டுரைக்கு நடுவே போட்டோ, விளம்பரம், பேட்டி எல்லாம் வெட்டி ஒட்டியிருக்கும். 1981இல் கொலேஜ் த பிரான்ஸில் சமூகவியல் இருக்கை, பிரான்சில் அதற்கு மேல் ஒரு பதவி கிடையாது. அடுத்த வருஷம் அங்கே தொடக்க உரை ஆற்ற வேண்டும். அப்பா இறந்து அதிக நாள் ஆகவில்லை. அந்த மேடையில் ஏறுவதே அப்பாவுக்குச் செய்யும் துரோகம் மாதிரி இருந்தது என்று பின்னால் எழுதினார். கடைசியில் அவர் பேசியது என்ன தெரியுமா, தொடக்க உரை என்ற சடங்கு ஒரு மனிதருக்கு எப்படி அதிகாரம் கொடுக்கிறது என்பதைப் பற்றித்தான். இரண்டு உலகத்திலும் கால் வைத்து இரண்டிலும் முழுசாக ஒட்டாத தன் நிலையைப் 'பிளவுபட்ட ஹாபிட்டஸ்' என்றார். எவ்வளவு உயரம் போனாலும் அந்தக் கூச்சம் போய்விடும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது, அவருக்கே போகவில்லை. 1993இல் சாதாரண மக்களின் துயரங்களைப் பேட்டிகளாகத் தொகுத்த பெரிய புத்தகம், 1995 டிசம்பரில் பாரிஸ் ரயில் நிலையத்தில் வேலைநிறுத்தத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் பேச்சு, 1996இல் டிவியைப் பற்றிய சின்னப் புத்தகம். 2002 ஜனவரி 23 அன்று இறந்தார்.

சோறு விஷயம். பூர்தியூவுக்கு ஆரோன் கிடைத்தார் என்பது அதிர்ஷ்டம், 1960களில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். உங்களுக்கு அப்படி ஒரு காலம் இல்லை. நிரந்தர இடங்கள் குறைவு, கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்கு நேரில் தெரியும். அதனால் கறாராகவே சொல்கிறேன், உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்டத்தில் சேராதீர்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய். முதல் தடவை கிடைக்காவிட்டால் இரண்டாம் தடவை எழுதுங்கள், அதற்கு ஒரு வருஷம் போனால் போகட்டும். உதவித்தொகை இல்லாத ஐந்து வருஷத்தை அப்பாவின் மினி லாரி இழுக்கக் கூடாது. அந்தக் காத்திருக்கும் வருஷத்தில் புள்ளியியல் கற்றுக்கொள்ளுங்கள். பண்பாடு என்றாலே கணக்கு வேண்டாம் என்று இந்தப் பக்கம் ஓடிவருகிறவர்கள் நிறையப் பேர். பூர்தியூவிடமிருந்து கணக்கை எடுத்துவிட்டால் பாதி ஆள்தான் மிஞ்சுவார். கள ஆய்வும் கணக்கும் இரண்டும் கைவந்தால், பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டாலும் ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் சர்வே வேலைகளிலும் பிழைத்துக்கொள்ளலாம்.

நெறியாளரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் ஒரு வாரம் சாயங்காலம் போய் உட்காருங்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வரும் குடும்பங்கள் எதை ஒதுக்குகிறார்கள், ஒதுக்கும்போது என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும், அவர்கள் பேசின வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் முதலிலேயே நீங்கள் யார், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். அந்தக் குறிப்பையும் "உனக்கு எதுக்கு கல்ச்சர்" குறிப்பையும் சேர்த்து ஐந்து பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.